கருப்பட்டியை எரிக்க என்ன அவசரம்

கீழ்வீட்டு அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்ததுதான் எனக்கு முதல் சந்தேகம்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் பதினொரு வருஷமாகக் குடியிருக்கிறோம். தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் சரி, கரண்ட் பில் வந்தாலும் சரி, கீழே முற்றத்தில் நின்று கையைத் தட்டிக் கூப்பிடுவார். மேலே வர மாட்டார். மேலே எங்கள் நாய் கருப்பட்டி இருந்தது. அதற்கும் அவருக்கும் ஆகாது.

அன்று திங்கட்கிழமை காலை. மழை விட்டு அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. செருப்பைக் கீழ்ப்படியிலேயே கழற்றிவிட்டு, கையில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. வெயில் ஏறுததுக்கு முன்னால எடுத்துருவோம். வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

கருப்பட்டி செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் யாருக்கும் சொல்லவில்லை. அது சமையலறைக் கதவோரம், எப்போதும் படுக்கும் சாக்கின் மேல் கிடந்தது. மூக்கு இன்னும் ஈரமாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இவருக்கு எப்படித் தெரிந்தது? வண்டிக்கு எப்போது சொன்னார்?

சந்தேகம் என் சம்பளம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் வாழ்க்கையில் யாரையாவது நம்பியதுண்டா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பத்திரப்பதிவு ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்தவள் நான். வருகிற ஆள் யார், சொல்கிற பெயர் அவருடையதுதானா, கைரேகை யாருடையது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது.

ஒருமுறை களக்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் வயதான சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயலை எழுதி வாங்க வேண்டும். "சீக்கிரம் முடிங்கம்மா, அவங்களுக்கு உக்கார முடியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தச் 'சீக்கிரம்' பிடிக்கவில்லை. அந்த அம்மாளிடம் உங்கள் தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையான சித்தி வேறு யாரோ. இவள் பக்கத்து ஊர்ச் சந்தையில் கீரை விற்கிறவள்.

அதிலிருந்து, யாராவது ஒரு காரியத்தில் அவசரம் காட்டினால் என் மனசு அவர்கள் எதை மூடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணாச்சி அவசரம் காட்டினார்.

ஓலைப்பெட்டியில் வந்தவன்

கருப்பட்டி சாத்தான்குளத்துப் பிறப்பு. என் கணவர் தேவசகாயம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார். வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருவார். ஒரு சனிக்கிழமை ஓலைப்பெட்டியோடு வந்து இறங்கினார். பனங்கிழங்கு என்று நினைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே கண் சரியாகத் திறக்காத குட்டி, நல்ல கருப்பட்டி நிறம். பெட்டியின் ஒரு மூலையைச் சப்பி ஈரமாக்கியிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள், அவள் ஓசூரில் இருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இவருக்குப் பேச்சுத் துணை அந்த நாய்தான். நான் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர், நாயிடம் முழுசாகப் பேசுவார். பேப்பர் படித்துக் காட்டுவார். மதியம் என்ன குழம்பு வேண்டும் என்பதை நாயிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியப்படுத்துவார்.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே அண்ணாச்சிக்கு அதைப் பிடிக்காமல் போனது. அவர் சுடலைமுத்து, பாத்திரக்கடை வைத்திருந்து மூடியவர். எழுபது வயது தாண்டியவர். விடிகாலையில் குளித்து, துளசிச் செடிக்குத் தண்ணீர் விட்டு, திருநீறு பூசுவதற்குள் கருப்பட்டி கீழே இறங்கிப் போய் அந்தத் தொட்டி மேல் காலைத் தூக்கிவிடும். எத்தனையோ தொட்டி இருக்க, அது மட்டும்தான் அதற்கு வேண்டும்.

ஒருநாள் முற்றத்தில் நின்று சொன்னார். "இங்கன ஒண்ணு அது இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும். சொல்லிட்டேன்."

அதைச் சொன்னபோது நாலு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நான் மறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை இலை

கருப்பட்டிக்குச் சாவதற்கு முன் இரண்டு வாரமாகவே பின்னங்கால் நொண்டல். மழைக்காலம், வயசும் ஆயிற்று என்று விட்டுவிட்டோம். பிறகு நொண்டல் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவள் கீழே எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி கொல்லைப் பக்கம் குனிந்து வாழை இலையில் எதையோ வைத்துக்கொண்டிருந்தார். கருப்பட்டி தின்றுகொண்டிருந்தது. பதினொரு வருஷத்தில் அவர் அதற்கு ஒரு பருக்கை போட்டதில்லை. எனக்கு விசித்திரமாக இருந்தது. மனிதர் மாறிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை கருப்பட்டி வாந்தி எடுத்தது. காப்பிப்பொடி கரைத்ததுபோல் கறுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட நான் போகவில்லை. மோரும் கஞ்சித் தண்ணியும் கொடுத்தேன். நாக்கால் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொட்டுகிற மழை. மறுநாள் காலையில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று இருந்தோம். கருப்பட்டி காத்திருக்கவில்லை.

சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வந்தது. இலையோடு இன்னொன்றும். அண்ணாச்சி பழைய கடைச் சாமான் போட்டிருக்கும் அறையில் எலி மருந்துப் பொட்டலம் வைத்திருப்பார். அதை அவரே எனக்குக் காட்டியிருக்கிறார், "பாத்துக்கிடுங்க" என்று.

எங்கே கொண்டு போவது

எங்கள் ஆட்கள் புதைக்கிறவர்கள். நாயானாலும் மண்ணுக்குள்தான் போகவேண்டும் என்று என் மனசில் இருந்தது. ஆனால் வாடகை வீடு, கீழே முற்றம் முழுக்க சிமெண்ட். எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைக்குப் போன் போட்டேன். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஒரு ஓரம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"வெளியேயும் தண்ணி நிக்குது அக்கா. தோண்டுனா ஊறுது. புதைச்சாலும் தெருநாய் தோண்டிரும்" என்றார்.

அப்போதுதான் அண்ணாச்சி தன் ஏற்பாட்டைச் சொன்னார். சீவலப்பேரி போகும் வழியில், ஓட்டம் நின்றுபோன செங்கல் சூளை ஒன்று இருக்கிறது. அங்கே இசக்கி என்று ஒருவர். கன்றுக்குட்டி, நாய் செத்தால் சூளைக்குள் வைத்துச் சுத்தமாக எரித்துத் தருவார். விறகு, வறட்டி எல்லாம் நனையாமல் உள்ளே இருக்கிறது.

"எரிச்சுட்டா ஒரு தொந்தரவும் கிடையாது பாருங்க" என்றார்.

எரித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வயிறும் மிஞ்சாது.

என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். விடிந்ததிலிருந்து கருப்பட்டியின் பக்கத்தில்கூட வரவில்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி சொல்லுததே சரி. சீக்கிரம் முடிச்சிருவோம், கிரேஸ்" என்றார்.

இவரையும் பேசிச் சரிக்கட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

தெருவாசலில்

லோடு ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சியே கருப்பட்டியை வேட்டியில் சுற்றினார். பின்னங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பைய மடக்கி உள்ளே வைத்தார். அதைப் பார்த்தபோது ஒரு கணம் என் சந்தேகம் ஆடியது. ஆனால் ஆபீசில் நான் பார்த்த மோசக்காரர்களும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

வண்டியில் ஏற்றும்போது எதிர்வீட்டு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தெருவில் நின்றார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றே கேட்டேன்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை இலையில என்ன வச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"மீன் தலை. வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிருக்கா. சாளைக் குழம்பு மிஞ்சிப்போச்சு."

"மீன் தலை மட்டுந்தானா?"

எதிர்வீட்டு அம்மா உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சியின் முகம் கறுத்துப்போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடியும் தோளிலேயே போட்டார்.

"வண்டியில ஏறுங்க" என்றார்.

அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் என் கணவரும் பின்னால், கருப்பட்டிக்கு இருபுறமும் உட்கார்ந்தோம். பெரிய ரோட்டுக்கு வந்ததும் நான் தகரத்தைத் தட்டி வண்டியை நிறுத்தினேன்.

"சூளைக்கு அப்புறம் போகலாம். முதல்ல கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்க. அறுத்துப் பாத்துச் சொல்லட்டும்."

என் கணவர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம் கிரேஸ். அதைப் போய் அறுத்துக்கிட்டு..."

"எனக்குத் தெரியணும்."

டிரைவர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடி வழியாக என் கணவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஏலே, தங்கச்சி சொல்லுத இடத்துக்கே போ" என்றார்.

பயப்படவேண்டியவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவேளை, கண்டுபிடிக்க முடியாத மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

டாக்டரம்மா கேட்டது

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆடு இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. எலி மருந்தா என்று பார்க்கச் சொல்லிக் கருப்பட்டியை உள்ளே கொடுத்தேன். நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பினாயில் வாடை. என் கணவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"எலி மருந்து மாதிரி தெரியலைம்மா. வயித்துல பூரா புண்ணு. அதுல இருந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. கிட்னியும் கெட்டுப்போயிருக்கு. இது ஒருநாள்ல வந்தது இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? மனுஷங்க சாப்பிடுத மாத்திரை?"

"இல்லை" என்றேன் நான். சாட்சி சொல்கிற மாதிரி உறுதியாகச் சொன்னேன்.

"நான் குடுத்தேன்."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். என் கணவர் எழுந்து நின்றிருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

"என் முட்டுவலி மாத்திரை. தினம் அரை மாத்திரை, இட்லிக்குள்ள வச்சு. பத்து நாளைக்கு மேல குடுத்தேன். கால் நல்லா ஊன்ற ஆரம்பிச்சுது, அதான்."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. "நிறைய பேர் அப்படித்தான் குடுத்துருதாங்க சார். நாய்க்கு அது ஆகாதுன்னு தெரியாது" என்றாள். அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி எழுந்து வெளியே போய், வண்டி பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு அந்த முதுகைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சூளை

சூளைக்குள் மழை வாடையும் பழைய சாம்பல் வாடையும் கலந்திருந்தது. இசக்கிக்கு ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அடியில் பனைமட்டை, மேலே விறகு, அதற்கு மேல் வறட்டி என்று அடுக்கி வைத்திருந்தார்.

"என்ன பேரு?" என்று கேட்டார்.

எங்கள் பேரைக் கேட்கிறார் என்று நினைத்து என் கணவர், "தேவசகாயம்" என்றார்.

"நாய் பேரு கேட்டேன் சார்."

சொன்னார்.

தீ பிடித்து நிற்க நேரமானது. நாங்கள் இருவரும் உடைந்த செங்கல் அடுக்கில் உட்கார்ந்தோம். ஜெபம் பண்ணலாமா என்று கேட்க நினைத்தேன். நாய்க்கு என்ன ஜெபம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

சனிக்கிழமை வாந்தியைப் பார்த்ததுமே அவருக்குப் பயம் வந்துவிட்டதாம். மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றியிருக்கிறார். விடியும்போது அதன் மூச்சு நின்றதும், நான் முகம் கழுவப் போன நேரத்தில் கீழே இறங்கிப் போய் அண்ணாச்சி கதவைத் தட்டியிருக்கிறார். "நான்தான் கொன்னுட்டேன். கிரேஸுக்குத் தெரியறதுக்கு முன்னால எடுத்துரணும்" என்று சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

அவர் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன்கிட்ட சொன்னா நீ கேள்வி கேப்ப. எத்தனை மாத்திரை, எத்தனை நாளு, யாரைக் கேட்டுக் குடுத்தீங்கன்னு. எல்லாம் சரியான கேள்விதான். எனக்குத்தான் நின்னு பதில் சொல்லத் தெம்பு இல்ல."

உண்மையில் அந்த மூன்று கேள்வியும் அந்த நேரம் என் வாயில் இருந்தன. அதே வரிசையில்.

முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், என்னிடம் சொல்ல முடியாததை, நாயைக் கண்டாலே ஆகாத மனிதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். கருப்பட்டி செத்ததைவிட இது எனக்கு அன்று அதிகமாக வலித்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். வறட்டி சிவந்து உள்ளே சரிகிற சத்தம் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

சாம்பலை ஆற்றில் விடலாமா என்று இசக்கி கேட்டார். என் கணவர் வேண்டாம் என்றார். ஆறு அன்று செம்மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு போயிற்று. அதில் அதைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை. சூளைக்குப் பின்னால் மேட்டில் ஒரு உடைமரம் நின்றது. அதன் அடியில் தண்ணீர் ஊறாத இடமாகப் பார்த்து இசக்கி குழி எடுத்தார். கடைசியில் மண்ணுக்குள்தான் போயிற்று. அப்போது மட்டும் நான் கண்ணை மூடி இரண்டு வார்த்தை சொன்னேன்.

கீழ்வீடு

மறுநாள் காலை நான் கீழே இறங்கிப் போனேன். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"தெருவில வச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

"கேட்டுட்டீங்க" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். உங்க நாய் போனதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் துளசியை அது பாடாய்ப் படுத்திச்சு. ஆனா சார்வாள் வந்து இந்த நடையில உக்காந்து அழுதாரு. அம்புட்டு வயசு ஆம்பிளை அப்படி அழுது நான் பாத்ததில்லை. நம்மளை நம்பிச் சொன்னதை எப்படித் தெருவில போட முடியும்? நீங்க என்னைச் சொன்னா, ரெண்டு நாள் எதிர்வீட்டுக்காரி பேசுவா. போயிட்டுப் போகுதுன்னு விட்டேன்."

எதிர்வீட்டுக்குப் போய், நான் நினைத்தது தப்பு, அண்ணாச்சி மீன் தலைதான் போட்டார் என்று சொன்னேன். நாய் எப்படிச் செத்தது என்று அந்த அம்மா கேட்டாள். வயசாகிவிட்டது என்றேன். ஆபீசில் இருந்த காலத்தில் இப்படி ஒரு பதிலை நான் விட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு

இதெல்லாம் நடந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. வேறு நாய் வளர்க்கவில்லை. இவர் பேப்பரை இப்போது எனக்குத்தான் படித்துக் காட்டுகிறார். சில செய்திகளைத் தாண்டிப் போகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை வெளியே சொல்வதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் சமையலறையில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்ப்பதற்குள் அவரே நடுவீட்டுக்கு வந்துவிட்டார். மகள் வாங்கி அனுப்பிய கண்ணாடி ஜாடி. கைப்பிடி மட்டும் அவர் கையில் இருந்தது. அதை மறைக்காமல் எனக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எப்படி உடைந்தது, அதை ஏன் எடுத்தீர்கள், நான் இருக்கும்போது கேட்டால் என்ன என்று மூன்றும் வரிசையாக வாய் வரைக்கும் வந்தன.

"கால்ல குத்துச்சா?" என்று கேட்டேன்.